சாவு வீட்டில் சொல்லிக்கொண்டவள்

நகாட்டோவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததில் சந்தியா செய்த ஒரே தப்பு, ஒரு பாடத்தைப் பாதியில் நிறுத்தியதுதான்.

நகாட்டோ உகாண்டாவிலிருந்து தர்மபுரிக்கு விவசாய மேல்படிப்பு படிக்க வந்தவள். ஆராய்ச்சி ராகியில். அவள் நாட்டிலும் ராகி விளைகிறது. மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் பண்டத்துக்கு அங்கே காலோ என்று பெயர். ஹாஸ்டல் மெஸ்ஸில் முதன்முதலாகக் களி உருண்டையைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சமையல்காரர் கருப்பண்ணன் அசந்துபோனார்.

"பேரென்னம்மா?"

"நகாட்டோ."

"நாகாத்தாவா? எங்க சின்னம்மா பேராச்சே அது."

அன்றிலிருந்து ஹாஸ்டல் முழுக்க அவள் நாகாத்தாதான்.

அறைத்தோழி சந்தியா கடத்தூர்க்காரி. தமிழ் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். மரியாதைக்கு எல்லாவற்றிலும் 'ங்க' சேர்த்துக்கொள் என்று அவள் சொன்னதை நகாட்டோ அப்படியே பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் படுத்திருக்கும் நாயிடம் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பாள்.

ஒருநாள் வெளியே கிளம்பும்போது வார்டன் சசிகலா மேடத்திடம், "மேடம், நான் போறேங்க" என்றாள். வார்டன் முகம் சுருங்கிப்போனது. மாடிப்படியில் வைத்துச் சந்தியா பிடித்துக்கொண்டாள்.

"போறேன்னு சொல்லக் கூடாதுடி. ஒரேயடியாப் போற மாதிரி ஆயிடும். போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"திரும்ப வராத இடத்துலயுமா?"

"எங்க போனாலும். அப்படிச் சொன்னாத்தான் எதிராளி மனசு நெறையும். அவங்க 'வா'ம்பாங்க. அதோட முடிஞ்சுது."

எல்லா இடத்திலும் என்று நகாட்டோ மனதில் எழுதிக்கொண்டாள். ஓர் இடம் உண்டு, அங்கே மட்டும் சொல்லக் கூடாது என்பது சந்தியாவுக்கு அந்த மாடிப்படியில் நினைவுக்கு வரவில்லை. நாம் யாருமே அதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மாசி மாதத்தில் இருவரும் சித்தேரிக்குப் போனார்கள். மலை ஊர்களில் இன்னும் விதைத்துக்கொண்டிருக்கும் நாட்டு ராகி வகைகளைச் சேகரிப்பது நகாட்டோவின் வேலை. வேலையோடு வேலையாக ஊர் சுற்றலும். அரூரில் பஸ் மாறி மலையேறினார்கள். பக்கவாட்டில் புரச மரங்கள் இலையே இல்லாமல் தீப்பிடித்ததுபோல் பூத்திருந்தன. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நகாட்டோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட, கண்டக்டர் திட்டிக்கொண்டே வந்தார்.

ஊர்க்கோடியில் புங்கமரத்தடி வீடு குள்ளம்மாளுடையது. ஐம்பதைத் தாண்டிய மனுஷி. கனத்த தோடு போட்டுப் போட்டு இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கியது. தனியாள். வீட்டில் இருந்த ராகி வித்தில் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். "இதைவிடக் கருங்கதிர் ஒண்ணு இருக்குது. எந்தம்பி தீர்த்தன் காட்டுல. அடுத்த தடவ வா, எடுத்து வெக்கிறேன்" என்றாள். களி போட்டாள். நகாட்டோ விழுங்குகிற வேகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"எம்மவகூட இப்படித்தான் முழுங்குவா."

"எங்கங்க இருக்காங்க உங்க மகள்?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனியில." தட்டில் இன்னொரு உருண்டையை வைத்தாள்.

கிளம்பும்போது நகாட்டோ கைகூப்பி, பாடம் பிசகாமல் சொன்னாள். "போயிட்டு வரேங்க."

குள்ளம்மாள் அப்படியே நின்றாள். யாரோ வெகுநாளாகத் தர வேண்டியிருந்த ஒன்றைக் கையில் வைத்ததுபோல முகம் மலர்ந்தது.

"வா, கண்ணு" என்றாள்.

பங்குனி பிறந்தது. நகாட்டோவுக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அவளோடு ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்த அக்கா பாபிர்யேவுக்குக் கல்யாணம். சித்திரையில் தேதி வைத்திருக்கிறார்கள். "நீ வந்து நிற்காமல் நான் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வரமாட்டேன்" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். பெங்களூரிலிருந்து விமானத்துக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அதற்குள் கருங்கதிரை வாங்கிவிடலாம் என்று இருவரும் மறுபடி சித்தேரிக்குப் போனார்கள்.

புங்கமரத்தடியில் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குள் கட்டில். கட்டிலில் குள்ளம்மாள்.

முதல்நாள் வரை நடமாடிக்கொண்டிருந்தவள், விடிகாலையில் எழுந்திருக்கவில்லையாம். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் பெண்களோடு போய் உட்கார்ந்தார்கள். குள்ளம்மாளின் தம்பி தீர்த்தன் நகாட்டோவின் பின்னிய சடைகளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு நீதானா? நேத்துகூட உன்னைப் பத்திதான் பேச்சு. சடைக்காரப் பொண்ணு வரேன்னு சொல்லியிருக்குது, கதிரு எடுத்து வெக்கணும்னு அக்கா எங்கிட்ட வந்து நின்னுச்சு."

"மகளுக்குச் சொல்லியாச்சுங்களா?" சந்தியா மெதுவாகக் கேட்டாள்.

"போன் நம்பரே மாறிப்போச்சு. ஆள் வுட்டிருக்கோம். சண்ட போட்டுட்டு, 'போறேன்'னு சொல்லிட்டுப் போன பொண்ணும்மா பாஞ்சாலி. அப்புறம் இந்த மலைப் பக்கமே வரல."

வெயில் உச்சிக்கு ஏறியது. கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சந்தியா கண்ணைக் காட்டினாள். ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்தாள், முந்தானையை உதறினாள், நடந்தாள். நகாட்டோவுக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. சோறு போட்ட மனுஷியிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதா? கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்று கைகூப்பினாள்.

"போயிட்டு வரேங்க."

அழுகை நின்றுபோனது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் வாய் திறந்தபடி இருந்தது. பந்தலில் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"வா, கண்ணு."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நகாட்டோ அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குள் சந்தியா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் சந்தியா கடிந்துகொண்டாள்.

"எழவு வூட்டுல யாராவது அப்படிச் சொல்லுவாங்களாடி? அங்க சொல்லிக்காமத்தான் கெளம்பணும். போயிட்டு வரேன்னா, திரும்பவும் அதே மாதிரி ஒரு சாவுக்கு வரேன்னு அர்த்தமாயிடும்."

"நீ எல்லா இடத்துலயும்னு சொன்ன."

"சொன்னேன். எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்."

நகாட்டோ அவள் பக்கம் திரும்பினாள். "ஆனா அவங்க கோவிச்சுக்கலையே. வான்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னா?"

"குள்ளம்மா."

சந்தியா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை செருப்பில் ஆரம்பித்தது.

ஹாஸ்டல் அறை வாசலில் செருப்பை வரிசையாக விடுவது வழக்கம். குதிகால் சுவரோடு, முனை வராந்தாவைப் பார்த்தபடி. நகாட்டோவின் செருப்பு மட்டும் கிழக்கே திரும்பியிருந்தது. கூட்டுகிறவர்கள் தள்ளியிருப்பார்கள் என்று நேராக வைத்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி கிழக்கே. அடிப்பாகத்தில் மலையின் செம்மண் ஒட்டியிருந்தது. கழுவிக் காயவைத்தாள். காய்ந்த செருப்பிலும் செம்மண்.

"யாரோ வெளையாடறாங்க" என்றாள் சந்தியா.

"கிழக்கால என்ன இருக்கு?"

சந்தியா குனிந்து செருப்பை நேராக்கினாள். தர்மபுரிக்குக் கிழக்கே அரூர், அதற்கும் அப்பால் சித்தேரி. கடத்தூர்க்காரிக்கு அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மனசு மாறட்டும் என்று அந்த வாரம் அவளைக் காரிமங்கலம் சந்தைக்கு அழைத்துப் போனாள். அக்காவுக்கு வெண்கலத்தில் ஏதாவது வாங்க வேண்டும் என்று நகாட்டோவும் ஆசைப்பட்டாள். சந்தையில் நல்ல கூட்டம். புது மாங்காய் வந்திருந்தது. உப்பு மிளகாய்த்தூள் தடவிய கீற்றைத் தின்றுகொண்டு நகாட்டோ பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தாள். புளி விற்கும் பெண்ணொருத்தி அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"சடைக்காரப் பொண்ணு, இங்க வா. உனக்குத்தான் இது."

துணி முடிச்சு ஒன்றை எடுத்து நீட்டினாள். அவிழ்த்தால் உள்ளே ராகிக் கதிர். விரல் மடக்கிய கைபோலக் குவிந்த கதிர்கள், கருப்பாக.

"யாருங்க கொடுத்தாங்க?"

"தெரியாதும்மா. சித்தேரியாம். சடை சடையாப் பின்னின பொண்ணு ஒண்ணு வரும், குடுத்துடு, எங்கிட்ட வரேன்னு சொல்லியிருக்குதுன்னுச்சு. காது ஒண்ணு கிழிஞ்சு தொங்குச்சு பாவம்."

சந்தியாவின் கையிலிருந்த மாங்காய்க் கீற்று கீழே விழுந்தது. "எப்பங்கக்கா குடுத்தாங்க?"

"இப்பத்தான். உங்களுக்குப் பின்னாலயே நின்னுட்டிருந்துச்சே, பாக்கலையா?"

திரும்பிப் பார்த்தார்கள். தக்காளிக் கூடைகள், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் ஒருவர், வெயில். வேறு யாருமில்லை.

அன்றைக்குப் பிறகு விளையாட்டு என்று சந்தியா சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் வெளியே போகாமல் இருக்க முடியவில்லை. ஒகேனக்கலைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் சிரிப்பார்கள் என்று வகுப்பில் எல்லோரும் கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒகேனக்கல் மேற்கே. சித்தேரிக்கு நேர் எதிர்த்திசை. அந்த ஒரு காரணத்துக்காகவே சந்தியா சம்மதித்தாள். தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒகேனக்கல் பஸ் நின்றிருந்தது. நகாட்டோவை அதில் உட்கார வைத்துவிட்டு, வெள்ளரிப் பிஞ்சு வாங்கச் சந்தியா இறங்கினாள். வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் இடத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்து தினத்தாளை விரித்திருந்தார்.

நகாட்டோவுக்கு நினைவிருந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று சுகமாக இருந்தது. கண்ணை மூடினாள். ராகி மாவு கொதிக்கும் வாசனை வந்தது. யாரோ தோளைத் தட்டினார்கள்.

"எந்திரிம்மா. சித்தேரி வந்துடுச்சு."

கண்டக்டர் நின்றிருந்தார். வெளியே புங்கமரம் தெரிந்தது. முன்பு மொட்டையாக இருந்த மரம் இப்போது பளபளவென்று தளிர்விட்டு நின்றது.

"நான் ஒகேனக்கல் போறேங்க."

"நல்லாருக்குதே கதை. அரூர்ல ஏறி உக்காந்து, 'சித்தேரி ஒண்ணுங்க, வரேன்னு சொல்லியிருக்கேன்'னு நீதானேம்மா டிக்கெட் கேட்ட? நம்ம ஊர்ப் பொண்ணாட்டம் பேசறாளேன்னு நானே ஆச்சரியப்பட்டேன்."

கையைப் பார்த்தாள். டிக்கெட் இருந்தது. தர்மபுரியில் இறங்கி, அரூர் பஸ் ஏறி, அங்கே மாறி, காசு கொடுத்துச் சில்லறை வாங்கி, இத்தனையும் தன் காலும் வாயும் தன்னைக் கேட்காமல் செய்திருக்கின்றன. அவள் இறங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் திரும்பிக் கீழே போகும் வரை கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அரூர் பஸ் நிலையத்தில் சந்தியா அழுது வீங்கிய முகத்தோடு காத்திருந்தாள். போனில் நகாட்டோ ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாள். சித்தேரி.

"அக்கா கல்யாணத்துக்கு நான் பெங்களூர் பஸ் ஏறணும்" என்றாள் நகாட்டோ. "ஏறினா எங்க இறங்குவேன், சந்தியா?"

சந்தியா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தர்மபுரி பஸ்ஸைத் தேடினாள்.

விமான டிக்கெட் தேதி நெருங்கியது. பாபிர்யே தினமும் போனில் கேட்டாள், எப்போது வருகிறாய், எப்போது வருகிறாய். அந்த 'வருகிறாய்' காதில் விழும்போதெல்லாம் நகாட்டோ அறை வாசலைப் பார்த்தாள். செருப்பு இப்போது கிழக்கே திரும்புவதோடு நிற்கவில்லை. தினமும் ஓர் அடி தள்ளி, படிக்கட்டை நோக்கி நகர்ந்திருந்தது.

கடைசியில் சந்தியாதான் சொன்னாள். "வரேன்னு சொன்னது வாக்கு. ஒரு தடவ போய் நின்னுட்டா வாக்குத் தீந்துடும். நீ பஸ்ஸ வுட்டு இறங்காம வந்தது கணக்குல வராது. நானும் வரேன். ஆனா கெளம்பும்போது வாயத் திறக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் சரி. சொல்லிக்காம எந்திரிச்சு வந்துடணும். அன்னிக்கே செஞ்சிருக்க வேண்டியது."

"கேட்டா பதில் சொல்லாம எப்படி வர்றது? பாவம் இல்லையா?"

"பாவம் பாத்தா உங்கக்கா உனக்காக வாசல்லயே காத்துட்டு நிப்பா."

காலை பஸ்ஸுக்கே போனார்கள். புங்கமரம் பூத்துக் கொட்டி, வாசல் முழுக்க வெளிர் ஊதாப் பூ. பந்தல் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பெதிரில் முப்பது வயதிருக்கும் பெண்ணொருத்தி களி கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சடையைப் பார்த்ததும் துடுப்பு நின்றது.

"நீதானா அது? சாவுல வரேன்னு சொல்லிட்டுப் போன பொண்ணு. ஊரே சொல்லிச் சொல்லி மாயுது."

பாஞ்சாலி. பிணம் எடுத்த மறுநாள்தான் அவளுக்குச் செய்தி கிடைத்திருக்கிறது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தும் திருப்பூருக்குத் திரும்பாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். சந்தியா நடந்ததையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். செருப்பு, சந்தை, பஸ். பாஞ்சாலி சிரித்தாள். சிரிப்பு மாதிரி இல்லை.

"பெத்த மவ நான் வந்து குந்தியிருக்கேன். கூப்புட்டுப் பாக்கறேன், அழுது பாக்கறேன். ஒரு சத்தம் இல்ல, ஒரு சாடை இல்ல. கடல் தாண்டி வந்த உனக்குச் சந்தை வரைக்கும் கதிரு கொண்டாந்து குடுக்குதாம். நல்லா இருக்குது எங்கம்மா நியாயம்."

"அக்கா, அவ தெரியாம சொல்லிட்டா."

"தெரிஞ்சவ நான் எதையுமே சொல்லலையே." துடுப்பை எடுத்து உதறினாள். "உக்காருங்க. வந்தவங்களுக்குக் களி போடாம அனுப்பினா எங்கம்மாவுக்கு அதுக்கும் கோவம் வரும்."

மூன்று தட்டு எடுத்து வைத்தாள். உருண்டை பிடித்துத் திரும்பியபோது தரையில் நான்கு தட்டு இருந்தது. பாஞ்சாலி நான்காவது தட்டிலும் ஓர் உருண்டையை வைத்தாள். நகாட்டோ விழுங்கினாள். தொண்டைக்குள் சூடாக இறங்கியது. பக்கத்தில் யாரோ தன்னைப் பார்த்து நிறைவாக மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது.

சந்தியா எழுந்தாள். கண்ணைக் காட்டினாள். இந்தத் தடவை நகாட்டோவும் ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்தாள். கைகூப்பவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நிலைப்படி தாண்டி வாசலுக்கு வந்தாள்.

வரும்போது பாதையைப் பார்த்தபடி விட்டுவந்த செருப்பு திரும்பியிருந்தது. இரண்டு முனையும் நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தன. சந்தியாவின் செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"கெளம்பிட்டியா?"

உள்ளிருந்து கேட்டது. நகாட்டோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். குனிந்து செருப்பை எடுக்கப் பார்த்தாள். தரையில் வேர்விட்டதுபோல அசையவில்லை.

"போயிட்டு வரியா, கண்ணு?"

குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பதிலுக்காகக் காத்திருக்கும் குரல். நாக்கு தானாக மேலே எழுவதை நகாட்டோ உணர்ந்தாள். பஸ்ஸில் அவளைக் கேட்காமல் பேசிய அதே நாக்கு. "போ..." என்று ஓர் எழுத்து வெளியே வந்துவிட்டது. துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சந்தியா பாய்ந்து வந்து அதற்கு மேல் கையை வைத்து அழுத்தினாள்.

பாஞ்சாலி வாசற்படியில் நின்று இதைப் பார்த்தாள். "கேக்குதா?"

நகாட்டோ தலையாட்டினாள்.

"என்னா கேக்குது? எங்கம்மா என்னா கேக்குதுன்னு சொல்லு."

வாயைத் திறக்க முடியாது. நகாட்டோ வலது கையை நீட்டி, உள்ளங்கையைப் பாதைப் பக்கம் தூரமாகக் கொண்டுபோனாள். பிறகு அதே கையைத் திருப்பி வாசலுக்கே கொண்டுவந்தாள். போய், வந்தது கை.

பாஞ்சாலி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வரியான்னா?"

தலையாட்டல்.

"அன்னிக்கும் இதான் கேட்டுச்சு." பாஞ்சாலியின் குரல் இறங்கிப்போயிருந்தது. "துணிப்பைய எடுத்துட்டு நான் எறங்கறேன். அத்தன சண்டை போட்டுட்டு, இதே எடத்துல நின்னு, போயிட்டு வரியான்னு கேட்டுச்சு. நான் போறேன்னு கத்திட்டுப் போயிட்டேன். கேட்டதுக்குப் பதில் இன்னும் வரல அதுக்கு. கேட்டுக்கிட்டே இருக்குது. பதில் சொன்ன ஆளு நீ ஒருத்திதான்."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். சந்தியாவுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, வேணாங்க. சாவு நடந்த வூடு. இன்னும் வருசம் திரும்பல."

"எனக்கா தெரியாது? நான் இந்த மலையில பொறந்தவ." பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, தூரத்தில் வேலையாக இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். "அம்மா. திருப்பூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரேன்."

புங்கம்பூ உதிரும் சத்தம்கூடக் கேட்டது.

"வா, கண்ணு."

நகாட்டோவின் வாயை அழுத்தியிருந்த சந்தியாவின் கை தானாக விலகியது. இந்தத் தடவை அவளுக்கும் கேட்டிருந்தது. பாஞ்சாலிக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் நிலைப்படியில் கையூன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு எழுந்து, நகாட்டோவின் செருப்பை ஒரு கையால் சாதாரணமாக எடுத்து, பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அது அப்படியே நின்றது.

"போட்டுக்க" என்றாள். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நட."

மூவரும் ஒரே பஸ்ஸில் மலையிறங்கினார்கள். பாஞ்சாலி கம்பெனியில் கணக்கு முடித்து, துணிமணியை எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். எப்போது திரும்பி வருவாள் என்று சந்தியா கேட்கவில்லை. நகாட்டோ காலைத் தரையில் அழுத்தி, செருப்பைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள். முன்னால் பார்த்தபடியே இருந்தது. அரூர் தாண்டி, தர்மபுரி தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, பெங்களூர் வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும் என்று காலுக்கே தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. போனை எடுத்தாள். அக்காவுக்கு எழுதும் முன் அந்த வார்த்தையைப் பல தடவை யோசித்தாள். பிறகு எழுதினாள். வருகிறேன்.

எதிர்ச்சீட்டில் பாஞ்சாலி செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி மடித்துக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள். சீட்டுக்கடியில் இரண்டு ரப்பர் செருப்பு. முதல் வளைவில் பஸ் திரும்பியபோது அவை லேசாக நகர்ந்தன. அடுத்த வளைவில் பாதி திரும்பின. அதற்கடுத்ததில் பஸ் முழுக்க ஒரு பக்கம் சாய, அவை மட்டும் எதிர்ப்பக்கமாக நகர்ந்து, மலையைப் பார்த்து நின்றன.

நகாட்டோ சந்தியாவின் கையைப் பிடித்தாள். சந்தியாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாஞ்சாலி கண்ணைத் திறந்தாள். அவர்கள் பார்வை போன இடத்தில் அவளும் பார்த்தாள். செருப்பை நேராக்கக் குனியவில்லை. வீட்டில் சிணுங்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல அதனிடம் மெல்லச் சொன்னாள்.

"வரேன்னு சொல்லியிருக்கேன்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"